கிடாருக்கு எண்ணெய்க் குளியல்

மெடிக்கல் ஷாப்பில் லிக்விட் பாரஃபின் ஒரு பாட்டில் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெண்மணிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "எத்தனை நாளா சார்?" என்றார். வயிற்றுக்கு இல்லை, கிடாருக்கு என்று சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம், இன்னும் சந்தேகமாகத்தான் பாட்டிலைக் கொடுத்தார்.

அந்தப் பாட்டிலுக்கு வந்து சேர்வதற்கு முன்னால் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். என் கிடாரின் ஃபிங்கர்போர்டு, அதாவது கழுத்தில் கம்பிகளுக்குக் கீழே இருக்கிற பலகை, ரோஸ்வுட், நம்ம ஊர் ஈட்டி மரம். வாங்கும்போது கரும்பழுப்பாகப் பளபளவென்று இருந்தது, ஏசி அறையில் சுவரில் மாட்டியே வைத்து இரண்டு கோடை போனதில் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துவிட்டது. ஒரு சனிக்கிழமை. தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், சரி, இதுவும் காய்ந்துதானே கிடக்கிறது என்று அதே கிண்ணத்திலிருந்து இரண்டு விரலால் எடுத்துக் கிடாரின் கழுத்து முழுக்கப் பூசிவிட்டேன்.

அன்றைக்கு அவ்வளவு அழகு! மரம் அப்படியே கறுத்து, ரேகையெல்லாம் எழுந்து வந்தது. மூன்று வாரம் கழித்து எடுத்து வாசித்தால் விரல் ஒட்டுகிறது. ஃபிரெட் என்கிற குறுக்கு உலோகப் பட்டைகளின் ஓரங்களில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து கறுப்பாகத் திரண்டிருந்தது, பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தால் வருமே ஒரு சிக்கு வாடை, அது வேறு. கம்பிகளும் செத்துவிட்டன. மெல்லிய கம்பி சுற்றிய தடிமனான கம்பிகளின் இடுக்கில் எண்ணெய் இறங்கினால் சத்தம் மந்தமாகிவிடும், அப்புறம் என்ன துடைத்தாலும் வராது.

ஏன் இப்படி ஆயிற்று என்பதைப் புரிந்துகொள்ள வீட்டுக் குத்துவிளக்கைப் பார்த்தால் போதும். எண்ணெய் வழிந்து காய்ந்த இடத்தில் பழுப்பாக ஒரு பிசுக்கு பிடித்திருக்கும், புளி போட்டுத் தேய்த்தால்கூடச் சண்டித்தனம் பண்ணும். தாவர எண்ணெய்கள் பலவும் காற்றில் உள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து இறுகுகின்றன. எந்த எண்ணெய் எவ்வளவு இறுகும் என்பதற்கு அயோடின் எண் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல், அதனால் முழுசாகக் காய்ந்து வார்னிஷ் மாதிரி கெட்டியாகும். தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 10 அல்லது அதற்கும் கீழே, காயவே காயாது. நல்லெண்ணெய் சுமார் 110, அதாவது ரெண்டுங்கெட்டான். காயவும் காயாது, எண்ணெயாக இருக்கவும் இருக்காது, பசையாக நடுவில் நின்றுவிடும். என் கிடாரில் நின்றதும் அதுதான்.

அப்படியென்றால் தேங்காய் எண்ணெய் போடலாமே என்று கேட்பீர்கள், நானும் யோசித்தேன். கர்நாடக வயலின் வாசிப்பவர்கள் பலர் இடது கை விரல்களில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள், கமகம் வழுக்கிக்கொண்டு போக வேண்டுமே. வீணை வாசிப்பவர்கள் பஞ்சில் நனைத்துப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். ஆனால் அது விரலுக்கும் கம்பிக்கும் போடுகிற எண்ணெய். வீணையில் விரல் மரத்தைத் தொடுவதே கிடையாது, மெழுகின் மேல் பதித்த 24 உலோக மெட்டுகளின் மேல்தான் கம்பியை அழுத்துகிறோம். மரத்துக்கென்று பூசினால் தேங்காய் எண்ணெயில் வேறொரு சிக்கல்: சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மார்கழியில் பாட்டிலைக் கவிழ்த்தால் வராதே, அதே கதை ஏசி அறையில் மரத்தின் துவாரங்களுக்குள் நடக்கும்.

ஆளிவிதை எண்ணெயை மரவேலை தெரிந்தவர்கள் விரும்புவார்கள். கிரிக்கெட் மட்டைக்குப் பூசுவோமே, அதுதான். புது ஃபிங்கர்போர்டுக்கு மெல்லிசாக ஒரு தடவை பூசித் துடைத்துக் காயவிட்டால் நன்றாகவே இருக்கும், ஆனால் வருஷா வருஷம் பூசினால் ஏடு ஏடாகப் படியும். ஹார்டுவேர் கடையில் 'டபுள் பாயில்டு' என்று கிடைப்பதில் பெரும்பாலும் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் கலந்திருக்கும். இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் காய்கிற சூட்டிலேயே தானாகத் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பது மினரல் ஆயில். பெட்ரோலியத்திலிருந்து சுத்திகரித்து எடுப்பது. காயாது, சிக்குப் பிடிக்காது, நிறமில்லை, மணமில்லை. கிடார் கடைகளில் 'லெமன் ஆயில்' என்று குட்டிக் குப்பிகளில் விற்கிறார்களே, அவற்றில் பலவும் இதே மினரல் ஆயில்தான், கொஞ்சம் எலுமிச்சை வாசனையோடு. நிஜமான எலுமிச்சைத் தோல் எண்ணெய் கிட்டத்தட்ட ஒரு கரைப்பான், பிசுக்கை எடுக்கும், ஆவியாகிப் போய்விடும், மரத்தில் தங்காது. பேபி ஆயிலும் வாசனை சேர்த்த மினரல் ஆயில்தான். லிக்விட் பாரஃபின் என்பதும் மினரல் ஆயில்தான், அதில் அந்த வாசனையும் கிடையாது, விலையும் குறைவு, அதனால்தான் மெடிக்கல் ஷாப் அவமானத்தைப் பொறுத்துக்கொண்டேன். மேசை நாற்காலிக்கு அடிக்கிற சிலிகான் ஸ்பிரே மட்டும் கிடார் பக்கமே போகக் கூடாது. பின்னால் ஒருநாள் பசை ஒட்டவோ பாலிஷ் போடவோ வேண்டி வந்தால் எதுவும் பிடிக்காது.

பூசுகிற முறை பெரிய வித்தை இல்லை. கம்பி மாற்றும் நாளில், எல்லாக் கம்பியையும் கழற்றிவிட்டு, லேசாக ஈரமான துணியால் அழுக்கைத் துடைத்து, ஃபிரெட் ஓரத்தைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, காய்ந்த பிறகு மொத்தப் பலகைக்கும் சேர்த்து ஐந்தாறு சொட்டு, அவ்வளவுதான். பத்து நிமிடம் விட்டு, துணியில் எண்ணெய் ஏறுவது நிற்கும்வரை துடைத்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு. தினமும் வாசிக்கிறவருக்கு அதுகூட வேண்டியதில்லை, கையிலிருக்கிற பிசுக்கே போதும்.

எல்லா மரத்துக்கும் இது கிடையாது. மேப்பிள் பலகைக்குப் பெரும்பாலும் மேலே லாக்கர் பூச்சு இருக்கும், எண்ணெய் உள்ளேயே போகாது, ஈரத்துணி போதும். எபோனி ரொம்ப நெருக்கமான மரம், கொஞ்சமாகத்தான் குடிக்கும். (எபோனிக்குத் தமிழில் கருங்காலி என்று பெயர். மாலை வியாபாரிகள் எந்த மரத்தைக் கோத்து விற்கிறார்கள் என்பது வேறு கதை.) விலை குறைந்த வயலின்களில் வேறு ஏதோ வெளிர் மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி வைத்திருப்பார்கள், எண்ணெய்த் துணி பட்டால் துணி கறுப்பாகும், பலகை வெளுக்கும். வயலினில் வில் முடியில் ஒரு துளி எண்ணெய் பட்டாலும் அதில் தேய்க்கிற ரோசின் என்கிற பிசின் பிடிக்காது, ஆகவே வயலின்காரர்கள் இந்த ஆசையே படாமல் இருப்பது நல்லது.

2017 ஜனவரியில் ரோஸ்வுட் வகை மரங்கள் முழுக்க, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 கடைசியில் விலக்கு கொடுத்தாலும், அதற்குள் கம்பெனிகள் வேறு மரம் தேடிப் போய்விட்டன. அப்படி வந்ததுதான் 'இண்டியன் லாரல்'. ஏதோ அபூர்வச் சரக்கு என்று நினைத்தேன், தேடிப் பார்த்தால் நம்ம கருமருது! எபிஃபோன் கிடார்கள் பலவற்றில் இப்போது அதுதான். புதிதிலேயே கொஞ்சம் வெளிறித் தெரியும், ஒரு தடவை எண்ணெய் காட்டினால் நன்றாகக் கறுத்துக்கொள்ளும்.

ஆனால் ஒன்று. எண்ணெய் போட்டால் மரத்தின் 'வறட்சி' போய்விடும் என்பதை நான் இப்போது நம்புவதில்லை. மரம் இழப்பது தண்ணீரை, நாம் கொடுப்பது எண்ணெயை. கோடையில் ஃபிரெட் முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறுகிறது என்றால், பலகை சுருங்கிவிட்டது, உலோகம் சுருங்கவில்லை என்று அர்த்தம், அதற்கு எந்தக் குப்பியிலும் மருந்து இல்லை. கிடாருக்குப் பிடித்தது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா என்ன, உறிஞ்சுவது ஏசிதான். சுவரிலிருந்து இறக்கிப் பெட்டிக்குள் வைத்தேன், ஃபிரெட் கீறுவது தானாகக் குறைந்தது. எண்ணெய் போடுவது அழுக்கை எடுக்கவும், கறுப்பாகப் பார்க்கிற ஆசைக்கும்தான். அந்த ஆசை எனக்கு உண்டு, மறைக்கவில்லை.

பாட்டிலில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. யாரும் தலைவலித் தைலமென்று நினைத்துவிடக் கூடாதே என்று 'கிடார்' என்று எழுதி ஒட்டி வைத்திருந்தேன். போன வாரம் பார்த்தால் பாட்டில் அலமாரியில் இல்லை. அம்மா அதைச் சமையலறைக்குக் கொண்டுபோய்ச் சப்பாத்திக் கட்டைக்குத் தடவிக்கொண்டிருந்தார்.