தேவாங்கைத் தேடி வரைந்தேன், வந்தது நான் நடந்த பாதை

மதுரைப் பக்கம் அழகர்மலை அடிவாரத்திலிருந்து அரிட்டாபட்டி வரை தேவாங்குக்கு ஏற்ற வாழிடம் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று வரைபடம் போடுவதுதான் என் முதுகலை ஆய்வு.

அனுமதிக் கடிதம் வந்ததும் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டு இரவு இரவாக நடந்தோம். வெளிச்சம் பட்டால் தேவாங்கின் கண்கள் தணல் மாதிரி மின்னும். 41 இடங்களை ஜி.பி.எஸ்.ஸில் குறித்தேன்.

அப்புறம் மேக்ஸென்ட். ஒரு விலங்கு எங்கெல்லாம் வாழக்கூடும் என்று கணித்து வரைபடமாகத் தரும் மென்பொருள் அது. விலங்கைப் பார்த்த இடங்கள் மட்டும் இருந்தாலே அதற்குப் போதும். வேர்ல்ட்கிளிம் என்ற உலகத் தட்பவெப்பத் தரவுத்தொகுப்பு தரும் 19 தட்பவெப்பக் காரணிகளோடு உயரம், சரிவு, பசுமை அளவு எல்லாவற்றையும் கொடுத்தேன். மாடல் எவ்வளவு நன்றாகப் பிரித்தறிகிறது என்று சொல்லும் ஏ.யு.சி. மதிப்பு 0.93 வந்தது; அதிகபட்சமே 1தான். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்களுக்கு வழிகாட்டிய ஆடு மேய்க்கும் ஐயாவிடம் படத்தைக் காட்டினேன். "என்னம்மா, வண்டிப்பாதையை வரைஞ்ச மாதிரி இருக்கு? கிளுவை வேலியில கெடக்குறது ஒண்ணையும் காணோமே" என்றார். உண்மைதான். நாங்கள் பாதையோரமாகவே நடந்திருந்தோம். எங்கள் கால்தடத்தைத்தான் மாடல் கற்றிருந்தது.

மறுபடி வேலிகளுக்குள் நடந்தோம். நெருங்கிக் கிடந்த புள்ளிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். பார்த்த இடங்களோடு ஒப்பிட மாடல் எடுத்துக்கொள்ளும் புள்ளிகளையும் நாங்கள் நடந்த பகுதிகளிலிருந்தே எடுத்தேன்.

இன்னொரு சிக்கல், வரைபடத் தரவைப் பிரித்திருக்கும் சதுரக் கட்டத்தின் அளவு. வேர்ல்ட்கிளிமின் மிக நுண்ணிய கட்டமே பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிப் பகுதி 193.42 ஹெக்டேர், அதாவது இரண்டே கட்டம்! தேவாங்கு தாவாது. பெரும்பாலும் கிளையோடு கிளை தொட்டால்தான் மரம் விட்டு மரம் போகும். அதற்கு முக்கியமான சின்ன இடைவெளி இந்தக் கட்டத்தில் எப்படித் தெரியும்? இவ்வளவு கிட்டத்தில் வெயிலும் மழையும் பெரிதாக மாறுவதும் இல்லை. அதனால் தட்பவெப்பக் காரணிகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, சென்டினல்-2 செயற்கைக்கோளின் 10 மீட்டர் கட்டப் படங்களை வைத்து க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருளில் உயிர்வேலிகளைக் கையாலேயே வரைந்தேன். வாரக்கணக்கில் ஆனது. முழு ஆய்விலும் பயனுள்ள வேலை அதுதான் என்பேன்.

மாந்திரீகம், மருந்து என்று தேவாங்கைப் பிடிப்பவர்கள் இருப்பதால் சரியான புள்ளிகளை எங்கேயும் வெளியிடவில்லை.

புதிய படத்தை ஐயாவிடம் காட்டினேன். ஒரு கோட்டில் விரலை வைத்தார். "இந்த வேலியப் பிடுங்கிட்டுக் கம்பி போட்டுட்டாகம்மா." என்னிடம் இருந்தது போன கோடையில் எடுத்த படம். அந்தக் கோட்டை அழித்துவிட்டு மாடலை மறுபடி ஓடவிட்டேன். அதற்கு அப்பால் இருந்த தோப்பு மலையிலிருந்து தனியாகத் துண்டிக்கப்பட்டுவிட்டது.