க்ளைவ் லாயிடும் நாலு வேகமும்

‘அந்த நாலு வேகப்பந்து வீச்சாளர்கள் கையில் இருந்தால் யார் கேப்டனாக இருந்தாலும் ஜெயிக்கலாம்’ என்று மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் கேப்டன் லாயிடைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது. நாலு பேரும் தானாக வந்து சேரவில்லை.

1975-76ல் ஆஸ்திரேலியாவில் லில்லி, தாம்சன் வேகத்தில் சிக்கி 5-1 என்று தோற்றுத் திரும்பியது அவர் அணி. 1976 ஏப்ரலில் இந்தியாவுக்கு எதிராகப் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பாட்மோர், இம்தியாஸ் அலி, ஜுமாதீன் என மூன்று சுழல் வீச்சாளர்களை நம்பி, 403 ரன் இலக்கு வைத்து டிக்ளேர் செய்தார். கவாஸ்கரும் விஸ்வநாத்தும் சதம் அடிக்க, இந்தியா நாலே விக்கெட் இழந்து 406 எடுத்துவிட்டது. அடுத்த டெஸ்ட் கிங்ஸ்டனில். ஹோல்டிங், டேனியல், ஹோல்டர், ஜூலியன் என்று வேகத்தை முன்னே நிறுத்தினார். இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா 97; காயத்தால் ஐந்து பேர் ஆட வரவில்லை.

வெறும் வேகம் போதாது என்பது லாயிடுக்குத் தெரியும். 1979 உலகக் கோப்பையில் ஆடிய நால்வரைப் பாருங்கள். ராபர்ட்ஸ் முதலில் வேகம் குறைத்து ஒரு பவுன்சர் (தலைக்கு எழும்பும் பந்து) போடுவார். பேட்ஸ்மேன் தைரியமாக ஹூக் செய்ததும், அதே மாதிரி கை சுழற்றி இன்னொன்றை முழு வேகத்தில் இறக்குவார். கிராஃப்ட் கிரீஸின் ஓரத்திலிருந்து கோணமாக உள்ளே கொண்டுவருவார். ஆறடி எட்டங்குல கார்னர் நல்ல லெங்த்தில் போட்டாலே பந்து மார்புக்கு எழும்பும். அதற்குப் பழகிப் பின்னால் போனால் காலடியில் விழும் யார்க்கர். ஹோல்டிங்கின் வேகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? இரண்டு பேர் வீசும்போது இரண்டு பேருக்கு ஓய்வு. பேட்ஸ்மேனுக்கு மட்டும் ஓய்வே கிடையாது, ரன் எடுக்க எளிதான ஒரு முனையும் கிடையாது.

ஒருவர் தசை பிடித்து உட்கார்ந்தால் இந்தக் கணக்கு அப்படியே குலையும். கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய கிரிக்கெட் தொடரில் கிடைத்த உடற்பயிற்சியாளர் டென்னிஸ் வெயிட்டை மேற்கிந்தியத் தீவுகள் அணி விடாமல் வைத்துக்கொண்டது அதனால்தான். 1984ல் இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே 5-0 என்று வென்றதற்குப் பின்னால் அந்த ஓட்டமும் பயிற்சியும் உண்டு.

ஓட்டையும் இருந்தது. பந்து திரும்பும் ஆடுகளத்தில் வேகம் மட்டும் உதவாது. லாயிடின் கடைசி டெஸ்ட், 1985 ஜனவரி, சிட்னி: லெக் ஸ்பின்னர் ஹாலண்ட் 10 விக்கெட் எடுத்தார், மேற்கிந்தியத் தீவுகளுக்கு இன்னிங்ஸ் தோல்வி. லாயிட் 72 அடித்து நின்று பார்த்தார்.

ஓவர்களை மெதுவாக வீசி முடித்தார்கள் என்ற குறை நியாயமானதுதான். மணிக்கு 13 ஓவர் என்றால் ஆறு மணி நேரத்தில் 78தான். பேட்ஸ்மேனுக்கு அடிக்கக் கிடைக்கும் பந்தும் குறையும், காசு கொடுத்து வந்தவருக்கு ஆட்டமும் குறையும். பவுன்சர் அதிகம் என்றும் குறை சொல்வார்கள். ஆனால் அன்றைய விதி பவுன்சருக்கு ஓவருக்கு இத்தனை என்று கணக்கு வைத்திருக்கவில்லை. ஒரு பேட்ஸ்மேனுக்கு ஓவருக்கு ஒன்றுதான் என்று ஐசிசி கட்டுப்படுத்தியது 1991ல், லாயிட் ஓய்வு பெற்று ஆறு வருஷம் கழித்து.