48 மணி நேரத்தில் ஒரு கேரம்

மூன்றாம் ஆண்டு படிக்கும் நாங்கள் மூன்று பேர் போன மாதம் மொபைல் கேம் உருவாக்கும் போட்டி ஒன்றில் கலந்துகொண்டோம். வெள்ளி மாலை 6 மணிக்குத் தலைப்பைச் சொல்வார்கள். ஞாயிறு மாலை 6 மணிக்குள் ஆண்ட்ராய்டு போனில் கேமை நிறுவ உதவும் ஏபிகே கோப்பைக் கொடுத்துவிட வேண்டும். உலகம் முழுக்கப் பலர் கூடி கேம் உருவாக்கும் குளோபல் கேம் ஜாம் 2009-இல் தொடங்கியபோதும் இதே 48 மணி நேரக் கணக்குதான்.

தலைப்பு, 'மோதல்'. வியாசர்பாடிக்காரனுக்கு அதைக் கேட்டதும் கேரம்தான் ஞாபகம் வரும். 2024 கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா எங்கள் வடசென்னைப் பெண். வேறு யோசனையே எங்களுக்கு வரவில்லை.

ஆனால் 9 கறுப்பு, 9 வெள்ளை, ஒரு ரெட், ஃபவுல், இரண்டு பேர் ஆட்டம் எல்லாவற்றையும் இரண்டு நாளில் எழுத முடியாது. 5 காய், 3 அடி, அதற்குள் எல்லாக் காயையும் குழியில் போட வேண்டும் என்று சுருக்கினோம். ரெட்டை விட மனசு வரவில்லை. அரை மணி நேரம் சண்டை போட்டுத்தான் விட்டோம்.

போன வருடம் ஞாயிறு மதியம்தான் முதல் ஏபிகே எடுத்தோம். ஏபிகே உருவாக்கத் தேவையான டெம்ப்ளேட் இல்லை, அதில் கையெழுத்திடும் சாவிக் கோப்பான கீஸ்டோர் இல்லை என்று ஒவ்வொன்றாக இழுத்து நேரம் போய்விட்டது. அதனால் இந்த முறை கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோ எஞ்சினில் வெறும் பச்சைத் திரையை மட்டும் வைத்து, வெள்ளி இரவே போனில் ஏற்றிப் பார்த்துவிட்டோம். போட்டிக்குப் போகிற தம்பி தங்கைகள் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

சனி மதியம், வேகமாக அடித்தால் ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமலே அந்தப் பக்கம் போனது. எஞ்சின் நொடிக்கு 60 முறைதான் இடத்தைக் கணக்கிடும். இரண்டு கணக்குக்கு நடுவில் ஸ்ட்ரைக்கர் காயைத் தாண்டிவிடுகிறது. நடுவில் உள்ள பாதையிலும் மோதல் உண்டா என்று பார்க்கும் தொடர் மோதல் சோதனையை ஆன் செய்ததும் சரியானது.

அன்று இரவு 10 மணிக்குத் தெரு கேரம் மன்றத்துக்குப் போனேன். பல்புக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்த அண்ணன் விரலில் இருந்த பவுடரை லுங்கியில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். இரண்டே அடி.

"இன்னா தம்பி, காய் நிக்கவே மாட்டேங்குது? போர்டுல எண்ணெய் ஊத்திட்டியா?"

காயின் வேகத்தைக் குறைக்க நாங்கள் வைத்திருந்த தணிப்பு, வேகம் குறையக் குறையத் தானும் குறையும். அதனால் காய் கடைசியில் ஊர்ந்துகொண்டே இருக்கும். நிஜப் பலகையில் உராய்வு கிட்டத்தட்ட ஒரே அளவு. காய் டக்கென்று நிற்கும். வேகத்திலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே அளவைக் கழிக்கும்படி மாற்றி எழுதினேன். நான்கே வரி. அதற்கப்புறம்தான் அது கேரம் ஆனது.

"என் விரலே ஸ்ட்ரைக்கரை மறைக்குதுபா, எப்படி குறி பாக்குறது?" என்றும் கேட்டார். லேப்டாப்பில் மவுஸ் வைத்து ஆடியவரை எங்கள் மூன்று பேருக்குமே இது தெரியவில்லை. திரையின் அடியில் எங்கே இழுத்தாலும் ஸ்ட்ரைக்கர் திரும்பும்படி செய்தோம்.

ஞாயிறு 5:20-க்குக் கொடுத்தோம். பரிசு வேறு அணிக்குப் போனது. திங்கள் இரவு மன்றத்தில் என் போன் கைமாறிக் கைமாறி 11 மணிக்குத்தான் என்னிடம் திரும்பி வந்தது.

"ரெட் எங்கப்பா?" என்றார் அண்ணன். இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், ரெட்டைப் போட்டதும் இன்னொரு காயையும் போட வேண்டிய ஃபாலோவோடு சேர்த்து.