பெயரைப் பறிகொடுத்த வேட்பாளர்

1918 பிரிட்டன் தேர்தலைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஓட்டுப் போடப் பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். போட்டியிட 21 போதும். அதாவது, 25 வயதுப் பெண் தேர்தலில் நிற்கலாம், தனக்கே ஓட்டுப் போட முடியாது! பெண்கள் போட்டியிடலாம் என்ற சட்டம் வந்தது நவம்பர் 21, வாக்குப்பதிவு டிசம்பர் 14. அந்த அவசரத்திலும் 17 பெண்கள் களமிறங்கினார்கள்.

அதில் மேரி மெக்கார்தர் கதைதான் ரொம்ப உறுத்துகிறது. தொழிற்சங்க வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த பெயர். ஸ்டவர்பிரிட்ஜ் தொகுதி வாக்குச்சீட்டிலோ 'திருமதி டபிள்யூ. சி. ஆண்டர்சன்', கணவர் பெயர்! தேர்தல் அதிகாரி பிடிவாதமாக அப்படித்தான் போட்டார். மேரி தோற்றார். ஸ்மெதிக் தொகுதியில் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட் 775 வாக்கு வித்தியாசத்தில் கோட்டைவிட்டார்.

சரி, ஜெயித்தது யார்? கான்ஸ்டன்ஸ் மார்க்கிவிச் மட்டும்தான். அப்போது பிரிட்டன் ஆட்சியில் இருந்த அயர்லாந்தின் டப்ளின் தொகுதி, அவர் இருந்ததோ லண்டன் ஹாலோவே சிறையில். அப்புறமும், அயர்லாந்து விடுதலை கேட்ட அவருடைய சின் ஃபெய்ன் கட்சியின் முடிவுப்படி லண்டன் நாடாளுமன்றத்தில் போய் உட்காரவில்லை.