36 படம்தான்: பெங்களூருவில் நிச்சயமான ஜோடியை ஃபிலிமில் எடுப்பது

நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்வது பெங்களூரு தமிழ் வீடுகளிலும் பழக்கமாகிவிட்டது. அதை ஃபிலிமில் எடுத்துத் தரச் சொல்பவர்கள் மனதில் இருப்பது அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பம். பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர், ஓரம் லேசாக மஞ்சளித்த படங்கள். தாத்தா பாட்டி காலத்துப் படமென்றால் கருப்பு வெள்ளை. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ரோல் அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர்.

அந்த நிறம் மட்டும் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரிலேயே கொண்டுவந்துவிடலாம். ஃபிலிமில் எடுப்பதன் பெரிய லாபம் வேறு. கேமராவின் முதுகில் திரை கிடையாது. "எங்க, காட்டுங்கண்ணா" என்று ஒவ்வொரு க்ளிக்குக்கும் ஓடி வருவது, "கன்னம் உப்பின மாதிரி இருக்கு, இன்னொண்ணு எடுங்க" என்று திரும்பிப் போய் விறைப்பாக நிற்பது, இரண்டும் பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிடும். பார்க்க ஒன்றுமில்லை என்று ஆனபின் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பிப்பார்கள். நாம் காத்திருப்பது அதற்குத்தான்.

ஆனால் எடுப்பவர் படத்துக்குப் படம் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைப் பார்த்து லென்ஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தால் அந்த இயல்பு கலைந்துவிடும். கணக்கையெல்லாம் ஜோடி வந்து நிற்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். இந்தப் பதிவு முழுக்க அந்தக் கணக்கைப் பற்றித்தான்.

முதலில் இடம். லால்பாக், கப்பன் பார்க் இரண்டும் தோட்டக்கலைத் துறையின் கையில் இருப்பவை. முன்கூட்டியே கேட்டு எழுத்தில் அனுமதி வாங்காமல் பட்டுப்புடவையும் ரிஃப்ளெக்டருமாகப் போய் நின்றால் காவலாளி வந்து நிறுத்துவார். அதோடு அன்றைய சாயங்காலம் போய்விடும். எங்கள் தேர்வு வீடுதான். அல்சூரிலோ மல்லேஸ்வரத்திலோ பழைய வீடு என்றால் கிரில் போட்ட முன் வராந்தா, இல்லையென்றால் மொட்டை மாடி. வராந்தாவில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மெல்லிய வெளிச்சம் வரும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் கிடைக்கும். சொந்த வீட்டில் யாரும் கையை எங்கே வைப்பது என்று யோசிப்பதில்லை.

பார்க்குக்குள் போவதாகவே இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மூங்கில் புதருக்கு அடியிலும், மேலே அடர்ந்த மரமும் கீழே புல்லுமாக இருக்கும் இடத்திலும் முகத்தில் பச்சை ஏறும். கண்ணுக்குத் தெரியாது, ஃபிலிமில் தெரியும். லேபில் அந்தப் பச்சையை எடுத்தால் புடவையின் நிறம் மாறும். மண் பாதைக்கு வந்து, மரநிழல் முடியும் விளிம்பில், வெளியே வானத்தைப் பார்த்தபடி நிற்கவைத்தால் போதும்.

நேரம்: டிசம்பரில் இங்கே ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்துவிடும், ஜூலையில் ஏழு மணியை நெருங்கும். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஆரம்பிக்க வேண்டும். நாம் இருப்பது 13 டிகிரி வடக்கில். அந்தி நீளாது, சூரியன் மறைந்து இருபது இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். ஏப்ரல், மே மாத உச்சி வெயிலில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்பதால் கண்குழிகள் கருத்துப்போகும். எந்த ஃபிலிமும் அதைக் காப்பாற்றாது.

இரண்டு மணி நேரத்துக்கு மூன்று ரோல் 35 எம்எம் சரியாக வரும். இரண்டு கலர், ஒன்று கருப்பு வெள்ளை, மொத்தம் 108 படம். கலருக்கு கோடாக் போர்ட்ரா 400 எடுத்தால் முகநிறம் நம்பகமாக வரும் (இந்த 400 என்பது ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் வேகம், ஐஎஸ்ஓ). செலவைக் குறைக்க வேண்டுமென்றால் கோடாக் கோல்டு 200. அதில் இயல்பாகவே மஞ்சள் சூடு உண்டு, மழைக்கால மேகமூட்டத்தில் நீலம் அடிப்பதை அது கொஞ்சம் ஈடுகட்டும். எக்டார் 100 வேண்டாம். இயற்கைக் காட்சிக்கு அருமையான ஃபிலிம்தான், ஆனால் நம் மாநிறத்தில் சிவப்பை ஏற்றி, அரக்குப் புடவைக்குப் பக்கத்தில் முகத்தையும் அரக்காக்கிவிடும். கருப்பு வெள்ளைக்கு இல்ஃபோர்டு ஹெச்பி5, அதுவும் 400 வேகம்தான். அதை ஏற்றும்போது புடவையைப் பாருங்கள். அரக்கு உடலும் பச்சை பார்டரும் கண்ணுக்கு எவ்வளவு எடுப்பாக இருந்தாலும் கருப்பு வெள்ளையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழும். ஜரிகை மட்டுமே மிஞ்சும். உடல் அடர்நிறம், பார்டர் வெளிர்நிறம் என்றால் தைரியமாக எடுக்கலாம்.

வெளிச்சக் கணக்கில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். டிஜிட்டலில் வெளிச்சம் கூடினால் படம் போச்சு என்று பழகியவர்கள் ஃபிலிமிலும் கையை இறுக்குகிறார்கள். நெகட்டிவ் ஃபிலிம் நேர் எதிர். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இருமடங்கு, குறைந்தால் பாதி. போர்ட்ராவுக்கு இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கூடினாலும் ஒன்றும் ஆகாது. ஒரு ஸ்டாப் குறைந்தாலே நிழல் சேறாகும், குருணை தெரியும், கருமுடி பச்சை கலந்த சாம்பலாகும். நெகட்டிவில் பதியாத நிழலை ஸ்கேனரால் கொண்டுவர முடியாது. ஆகவே 400 ஃபிலிமுக்கு மீட்டரை 200-ல் வையுங்கள், ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் தானாகக் கிடைக்கும். லேபில் வழக்கம்போலக் கழுவச் சொன்னால் போதும், வேறெதுவும் சொல்ல வேண்டாம்.

மீட்டர் எதைப் பார்க்கிறது என்பது அடுத்த கேள்வி. பழைய கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றுதான் நினைக்கும். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும் நடுவில் நிறைந்திருந்தால், 'வெளிச்சம் அதிகம்' என்று சொல்லி ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், முகம் இருளில் போகும். முகத்தில் விழும் வெளிச்சத்தையே அளக்கும், கையில் பிடிக்கும் இன்சிடென்ட் மீட்டர் இருந்தால் வெள்ளைக் குமிழை முகத்தருகே பிடித்து அளந்துவிடலாம். இல்லையென்றால் உங்கள் உள்ளங்கையே மீட்டர். ஜோடி நிற்கப்போகும் இடத்தில், அதே வெளிச்சத்தில் உள்ளங்கையை நீட்டி, அது மட்டும் ஃப்ரேமை நிறைக்கும்படி வைத்து அளந்து, வரும் அளவிலிருந்து ஒரு ஸ்டாப் திறந்துவிடுங்கள். உள்ளங்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வெளுப்பு என்பதால் இந்தக் கணக்கு தப்பாது.

மொட்டை மாடியில் சுவர் நிழலில், வானம் திறந்த பக்கம் பார்த்து நின்றால், 200 வைத்த மீட்டர் பெரும்பாலும் ஷட்டர் 1/250 விநாடி, லென்ஸ் திறப்பு எஃப்/4 அருகே காட்டும் (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). அதை அப்படியே வைத்துக்கொண்டு இருபது நிமிடம் தொடவே வேண்டாம். எஃப்/4 என்பதற்கும் காரணம் உண்டு. 50 எம்எம் லென்ஸில், ஒன்றரை மீட்டர் தூரத்தில், எஃப்/2-ல் தெளிவாக விழும் ஆழம் 11 சென்டிமீட்டர்தான். அவர் தோளுக்குப் பின்னால் இவர் சாய்ந்தால் ஒரு முகம் மங்கிவிடும். எஃப்/4-ல் அது இருமடங்காகும். பின்னணி உருகிப்போக வேண்டும் என்ற ஆசையில் இரண்டு பேரில் ஒருவரை உருக்கிவிடாதீர்கள்.

நேர் வெயிலில் இன்னொரு சிக்கல். பென்டாக்ஸ் கே1000, கேனான் ஏஇ-1 இரண்டிலும் ஷட்டர் வேகம் 1/1000-க்கு மேல் போகாது. 200 வைத்தால் நல்ல வெயிலில் எஃப்/8-க்குக் கீழே இறங்க முடியாது. நிக்கான் எஃப்எம்2 1/4000 வரை போகும். அது இல்லாதவர்கள் லென்ஸ் முன் மாட்டி மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்கும் சாம்பல் கண்ணாடியான என்டி ஃபில்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

சூரியன் மறைந்தபின் கலரை விட்டுவிடுங்கள். ஹெச்பி5 ரோலை 800 என்று வைத்து எடுத்து, டப்பியின் மேலேயே மார்க்கரால் '800, ஒரு ஸ்டாப் புஷ்' என்று எழுதிவிடுங்கள். புஷ் என்றால் லேபில் கூடுதல் நேரம் கழுவுவது. ரோல் முழுக்க ஒரே அளவில்தான் கழுவப்படும். பாதியை 400-லும் பாதியை 800-லும் எடுத்தால் ஒரு பாதி கெடும்.

இனி அந்த இருவர். "சிரிங்க" என்றால் யாருக்கும் சிரிப்பு வராது. வேலை கொடுங்கள். அவள் தலையில் மல்லிகைச் சரம் நழுவுகிறது, அவரைக் குத்திவிடச் சொல்லுங்கள். ஹேர்பின்னை எந்தப் பக்கம் செருகுவது என்று தெரியாமல் அவர் விரல்கள் தடுமாறும், அவள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் மேலே உருட்டுவாள். அந்த இடத்தில் ஒரு க்ளிக். டபராவில் ஒரு காபியை பை-டூ, அதாவது இருவருக்கும் பாதிப் பாதி, ஆக்கச் சொல்லுங்கள். மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸுக்குக் கூட்டிப்போய்ப் பூக்காரம்மாவிடம் ஒரு முழம் வாங்கச் சொல்லுங்கள். முழம் அளக்கும் கையைப் பார்த்துக்கொண்டே இருவரும் பேரம் பேசுவார்கள். ஒரு வேலைக்கு ஐந்தாறு படம், ஆறு வேலையில் ஒரு ரோல். துணைக்கு வந்த அத்தையையும் ஒரு படத்தில் சேர்த்துவிட்டால் அவரும் ஓரத்திலிருந்து "நேரா நில்லுடா" என்று சொல்வதை நிறுத்துவார்.

ஷட்டர் சத்தத்துக்குப் பழக்க ஒரு வழி: வந்தவுடன் ரோல் போடாத கேமராவில் பத்துப் பதினைந்து தடவை அழுத்துங்கள். அப்படிச் செய்கிறோம் என்று அவர்களிடமே சொல்லிவிடலாம். சிரிப்பு அங்கேயே தொடங்கிவிடும். பிறகு அவர்கள் கண்ணெதிரில் ரோலை ஏற்றுங்கள்.

ரோல் ஏற்றுவதில் நடக்கும் தவறுதான் மிகக் கொடுமையானது. ஃபிலிமின் நாக்கு வலப்பக்க ஸ்பூலில் சரியாக மாட்டாவிட்டால் லீவர் சுழலும், ஷட்டர் அடிக்கும், எண் 36 வரை ஏறும், ஃபிலிம் மட்டும் நகர்ந்தே இருக்காது. இதைத் தடுக்க ஒரே வழி இடப்பக்கத்து ரீவைண்டு குமிழ். மூடியை மூடியதும் அதன் கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் மெதுவாகச் சுற்றித் தளர்வை எடுத்துவிடுங்கள், லேசாகத் தடுக்கும்போது நிறுத்துங்கள். இப்போது லீவரை இழுத்தால் குமிழ் தானாக எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் திறந்து மறுபடி ஏற்றுங்கள், போவது ஒன்றிரண்டு படம்தான். ரோல் முடிந்ததும் அடியிலுள்ள பொத்தானை அழுத்தாமல் ரீவைண்டு செய்தால் ஃபிலிம் கிழியும். நாக்கை முழுவதும் உள்ளே இழுத்துவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவசரத்தில் அதே ரோலை மறுபடி ஏற்றி, ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் விழுந்துவிடும்.

படத்தின் ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு விழுகிறதா? பின்மூடியைச் சுற்றியுள்ள கருப்பு நுரைப்பட்டை பிசுபிசுத்து உதிர்ந்திருக்கும். முப்பது நாற்பது வருடப் பழைய கேமராவில் அது சகஜம். சுரண்டி எடுத்துப் புதிது ஒட்டினால் சரியாகிவிடும். ஏஇ-1 பேட்டரி தீர்ந்தால் அசையாது, ஆறு வோல்ட் பேட்டரி இன்னொன்று வேண்டும். எஃப்எம்2-வில் மீட்டர் மட்டும் அணையும், ஷட்டர் ஓடும்.

கையில் யாஷிகா மாட் 124ஜி போன்ற இரட்டை லென்ஸ் கேமரா இருந்தால் 120 எனப்படும் அகலமான ரோல் ஒன்றாவது அதில் எடுங்கள். பன்னிரண்டு படம்தான். ஆனால் எடுப்பவர் தலையைக் குனிந்து மேலிருந்து பார்ப்பதால், தங்களை யாரோ உற்றுப் பார்க்கிறார்கள் என்ற உணர்வு ஜோடிக்கு இருக்காது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல கேமரா இல்லை. உள்ளே தெரியும் காட்சி இடவலம் மாறியிருக்கும், அதற்கு மட்டும் முன்பே பழகிக்கொள்ளுங்கள். எடுத்து முடித்த ரோலின் காகிதத்தை இறுக்கிப் பிடித்து ஒட்ட வேண்டும். தளர்ந்தால் ஓரத்தில் வெளிச்சம் புகும்.

ஃபிரிட்ஜில் வைத்த ரோலை ஒன்றரை மணி நேரம் முன்பே வெளியே எடுங்கள், இல்லையென்றால் ஈரம் படியும். மெட்ரோவில் போனால் பையை எக்ஸ்ரே மெஷினில் விடாமல், ரோல்களைக் கண்ணாடிக் கவரில் தனியாக எடுத்துக் கையில் சோதிக்கச் சொல்லுங்கள். விமான நிலையத்து சிடி ஸ்கேனர் ஒரு தடவையிலேயே ஃபிலிமை மூட்டமாக்கிவிடும். செக்-இன் பெட்டியில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

கலர் ஃபிலிமைக் கழுவும் சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரியில், 3 நிமிடம் 15 விநாடி. சூடு அரை டிகிரி தப்பினாலே நிறம் சாயும். தினமும் கலர் ரோல் ஓடும் லேபாகப் பார்த்துக் கொடுப்பது அதனால்தான். மூன்று ரோலையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். ஒன்று நன்றாக வந்தபின் மற்றவை போகட்டும். எந்த மெஷினும் ஒருநாள் நின்றுபோகலாம்.

ஸ்கேன் செய்பவரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுங்கள்: முகத்தை வெளுக்க வேண்டாம். நெகட்டிவை பாசிட்டிவாக்கும்போது நிறத்தைத் தீர்மானிப்பது உட்கார்ந்திருக்கும் அந்த ஆள்தான். 'கல்யாணப் படம்' என்று கேட்டதும் வெளிச்சத்தை ஏற்றிவிடும் பழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. மாநிறமும் கருப்பும் ஃபிலிமில் எவ்வளவு செழிப்பாக வரும் என்பதை, அப்படி ஏற்றாத ஒரு ஸ்கேனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பகல் வெளிச்சத்தில் போனில் எடுத்த இருவரின் சாதாரணப் படம் ஒன்றைக் கூடவே அனுப்புங்கள், 'முகம் இந்த நிறம்' என்று.

நெகட்டிவைத் திரும்ப வாங்க மறக்காதீர்கள். ஆறு ஆறு படமாக வெட்டி, ஒரு ரோலுக்கு ஆறு பட்டை, ஸ்லீவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். சுருட்டி டப்பாவில் கொடுத்தால் கீறல் விழும். ஸ்லீவின் மேல் தேதியும் இருவர் பெயரும் எழுதி, சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றோடு, பட்டுப்புடவை இருக்கும் பீரோவிலேயே வைக்கச் சொல்லி ஜோடியிடம் கொடுத்துவிடுங்கள். அந்துருண்டை மட்டும் பக்கத்தில் வேண்டாம்.