நிழல் நகர்ந்துவிட்டது

என் கினிபிக்குகள் (கொறிக்கும் இனத்துச் சின்ன வளர்ப்புப் பிராணிகள்) பஞ்சுவையும் கட்டையையும் முதன்முதலாகப் புல்லில் இறக்கிவிட்ட அன்று, இரண்டும் துள்ளிக் குதிக்கும் என்று போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினைந்து நிமிடம் வீடியோ ஓடியது. ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று முகத்தைப் புதைத்துக்கொண்டு, இரண்டு மயிர்ப்பந்துகள் கல்லாய்ச் சமைந்திருந்ததுதான் அதில் பதிவானது.

பிறந்ததிலிருந்து கூரைக்குக் கீழேயே வளர்ந்தவை. தலைக்கு மேல் வெட்டவெளி என்றால் அதுகளுக்கு விடுதலை இல்லை. மேலிருந்து எது பாயுமோ என்ற கிலிதான். இது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. மறுநாள் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்தேன். அதில் இரண்டு வாசல் வெட்டினேன். ஒரே வாசல் என்றால் கட்டை அதன் குறுக்கே உட்கார்ந்துகொண்டு பஞ்சுவுக்கு வழிவிட மாட்டான். ஐந்தாவது நிமிடம் ஒரு மூக்கு வெளியே வந்தது. அப்புறம் 'சரக் சரக்' என்று புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் உட்காரலாம்.

புல்லுக்கும் ஒரு முன்தயாரிப்பு உண்டு. காய்ந்த புல்லே தின்று பழகிய வயிறு. ஒரேயடியாகப் பச்சைப்புல்லை மேயவிட்டால் கழிச்சலோ உப்புசமோ வந்துவிடும். முதலில் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துப் போட்டேன். இன்றைக்கும் வெளியே கொண்டுபோகுமுன் காய்ந்த புல்லைத் தின்னவிட்டுத்தான் தூக்குவேன். புல்வெட்டும் மெஷினில் விழுந்த புல்லை மட்டும் தொடுவதில்லை. அது சீக்கிரம் சூடேறிப் புளித்துவிடும். மருந்து தெளித்த இடம் பக்கமே போவதில்லை.

சரி, சொல்ல வந்தது வேறு.

மூன்றாவது வாரம். காலை பத்து மணிக்கு மர நிழலில் கூண்டை வைத்தேன். அடிப்பாகம் இல்லாத, மேலே வலை அடித்த சட்டம் அது. உள்ளே தண்ணீர், பெட்டி எல்லாம் இருந்தன. ஒரு போன் வந்தது, வீட்டுக்குள் போனேன். பேச்சு நாற்பது நிமிடம் இழுத்துவிட்டது. திரும்பி வந்தபோது மரமும் கூண்டும் வைத்த இடத்தில் இருந்தன. நிழல்தான் மூன்றடி தள்ளிப் போயிருந்தது.

பஞ்சு தட்டையாக நீட்டிப் படுத்திருந்தாள். வாயோரம் எச்சில் ஒழுகி நனைந்திருந்தது. விலா படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கட்டை பெட்டிக்குள் இருந்தான்; அப்பாடா என்று கையை உள்ளே விட்டேன், பெட்டி அடுப்பு மாதிரி கொதித்தது. நான் நிழல் என்று நம்பி வைத்த பெட்டி.

வீட்டுக்குள் தூக்கி வந்து, குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் ஒற்றியபடியே கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். ஐஸ் வைக்கப் போன என்னை மகள்தான் தடுத்தாள். அவள் தடுத்தது சரி என்று டாக்டரும் சொன்னார்: ஐஸ் பட்டால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, சூடு வெளியேறாமல் உள்ளேயே நின்றுவிடுமாம். இதுகளுக்கு நம்மைப் போல வியர்க்காது, நாயைப் போல மூச்சிரைத்தும் சூட்டைத் தணித்துக்கொள்ளத் தெரியாது. 26 டிகிரியைத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்றார். நமக்கு அது இதமான வெயில்!

இரண்டும் பிழைத்துக்கொண்டன. வரும் வழியில் மகள் ஒன்று சொன்னாள்: "நீங்க தொப்பி மாட்டிக்கிட்டுதானேம்மா வெளிய போறீங்க?" பதில் சொல்லவில்லை.

இப்போது தரையோரம் புல்லில் ஒரு தெர்மாமீட்டர் கிடக்கிறது. நின்றுகொண்டு பார்த்தால் தெரிகிற வெப்பம் வேறு, அதுகளின் மூக்குயரத்தில் இருப்பது வேறு. 24-க்கு மேல் காட்டினால் அன்று வெளியே கிடையாது. புல்லைப் பறித்து உள்ளே கொண்டுவந்து போட்டுவிடுவேன். கினிபிக்கின் உடம்பு வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரித்துக்கொள்ளாது, பசும்புல்லில் அது இருக்கிறது. ஆகவே ஊர்வலம் ரத்தானாலும் புல் ரத்தில்லை. மற்ற நாட்களில் பனி காய்ந்த பிறகு ஒரு அரை மணி, வெயில் தாழ்ந்ததும் ஒரு அரை மணி. நானும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருப்பேன். போன் உள்ளே இருக்கும். மதில்மேல் ஒரு பூனை வந்து, வலையை எத்தனை முறை ஆராய்ந்தாலும் அலுக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

திரும்பி வந்ததும் பின்புறத்தைப் புரட்டிப் பார்ப்பது தனி வேலை. அழுக்கான ஈர ரோமத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பஞ்சுவுக்கு நீள ரோமம், அதனால் பின்பக்கம் கத்தரித்தே வைத்திருக்கிறேன். அவளுக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

பிடிக்கிற கதையும் ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் துரத்தித் துரத்திப் பிடிப்பேன், மூவருக்கும் மூச்சு வாங்கும். இப்போது துரத்துவதே இல்லை. நேரமானதும் இரண்டு தட்டு தட்டுவேன், தாமாகப் பெட்டிக்குள் ஓடிவிடும். அடியில் ஒரு அட்டையைச் செருகி அப்படியே தூக்கிவிடுவேன்.

நேற்று சட்டத்தை இழுக்கிற சத்தம் கேட்டதுமே கட்டை உள்ளே இருந்து 'வீக் வீக்' என்று கத்தத் தொடங்கிவிட்டான். பஞ்சு வழக்கம்போல முதல் பத்து நிமிடம் பெட்டியை விட்டு வரவில்லை. தெர்மாமீட்டர் 22 காட்டியது. நாற்காலியை இன்னும் கொஞ்சம் நிழல் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.