அடர்பச்சை, நடு வேரியன்ட்: வேலூரில் தேடி வாங்கிய கார்

கார் நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டில் ஏழெட்டு வண்ணங்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஷோரூமில் விசாரித்தால் வெள்ளை, சாம்பல், வெள்ளி ஆகிய மூன்றும்தான் கையிருப்பில் இருக்கும். நான் விரும்பிய வண்ணத்திலும் வேரியன்டிலும் (ஒரே மாடலில் வசதிகளையும் விலையையும் பொறுத்து மாறும் வகை) ஒரு புதிய காரை வேலூரில் வாங்கி முடித்த விதத்தை, இப்போது வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். எந்த நிறுவனம், எந்த மாடல் என்பதைச் சொல்லப் போவதில்லை. என்னோடு பணிபுரிபவர்கள் வேறு நிறுவனங்களின் கார்களை வாங்கியபோதும் நடைமுறை ஏறக்குறைய இதுவாகவே இருந்தது.

எனக்குத் தேவைப்பட்டது நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும், 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் எஞ்சின் கொண்ட, மேனுவல் கியர் வைத்த ஒரு சிறிய எஸ்யூவி. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்த பிறகுதான் வாங்குவதென்று முடிவு செய்தேன். வண்ணம் அடர்பச்சை. வேரியன்ட் நடுத்தரமானது.

வேரியன்டை முடிவு செய்வதற்கு நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொண்டேன்: இந்த வசதியைப் பின்னால் வெளியில் கொடுத்துச் சேர்த்துக்கொள்ள முடியுமா, முடியாதா? தொடுதிரை, பின்பக்கக் கேமரா, சீட் கவர், அலாய் சக்கரம் ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம். பக்கவாட்டு ஏர்பேக்குகளையும், வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டையும், பின்னிருக்கைக்கான ஏசி துவாரங்களையும் தொழிற்சாலை கொடுத்தால்தான் உண்டு. வண்ணமும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வண்டி முழுவதற்கும் பின்னால் வேறு பெயின்ட் அடித்தால் அதைப் பதிவுச் சான்றிலும் மாற்றியாக வேண்டும். அப்படி மாற்றினாலும் தொழிற்சாலைப் பூச்சின் உறுதி வராது. அதனால் "கலர்ல என்ன இருக்கு, வண்டி ஓடினா சரி" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பத்தாண்டுகள் தினமும் பார்க்கப் போகும் பொருளுக்கு வண்ணம் கேட்பது சிறுபிள்ளைத்தனம் ஆகாது.

ஷோரூமில் முதலில் முன்வைத்த மாற்று, ஒரு படி மேலே உள்ள வேரியன்ட். அதில் பச்சை உடனே கிடைக்கும், சன்ரூஃபும் உண்டு, மறுவிற்பனையில் நல்ல விலை போகும் என்றார்கள். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், "வெயிலூர்" என்று நாமே கேலி செய்துகொள்ளும் ஊரில், கூரையைத் திறந்து வானத்தைப் பார்க்க எத்தனை நாள் வாய்க்கும் என்று யோசித்தேன். உண்மையான தடை அதுகூட அன்று, வரிதான். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட ஆயுட்கால வரியின்படி 5 லட்சம் முதல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு 13 சதவீதம், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம். உதாரணமாக, 9,90,000 ரூபாய்க் காருக்கு வரி 1,28,700 ரூபாய். 10,40,000 ரூபாய்க் காருக்கு 1,87,200 ரூபாய். விலைப்பட்டியலில் ஐம்பதாயிரமாகத் தெரியும் வித்தியாசம், கட்டும்போது ஒரு லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. பத்து லட்சத்துக்கு மேல் போனால், விற்பவரே அரசுக்காக வசூலிக்கும் டி.சி.எஸ். வரி என்று ஒரு சதவீதத்தையும் டீலரே பிடித்துக்கொள்வார். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும் அன்றைக்குக் கையிலிருந்து போவது போவதுதான். வேரியன்டுகளை எக்ஸ்-ஷோரூம் விலையில் (விலைப்பட்டியலில் உள்ள விலை) ஒப்பிடாமல், ஆயுட்கால வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலையில் ஒப்பிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது மாற்று, அதே வேரியன்டில் வெள்ளை. விற்பனைப் பிரதிநிதி, பணம் கட்டுபவள் நான் என்று தெரிந்தும் உடன் வந்த என் தம்பியைப் பார்த்தே, "சார், வேலூர் வெயிலுக்கு ஒயிட்தான் சார் செட் ஆகும், மேடம்கிட்ட சொல்லுங்க" என்றார். அப்பாவும் அதையே சொன்னார். அடர்ந்த வண்ணம் வெப்பத்தைக் கூடுதலாக உள்வாங்கும் என்பது உண்மையே. ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் புழுக்கம் ஏறுவதில் கண்ணாடி வழியே வரும் வெயிலின் பங்கு பெரிது. அது வெள்ளைக் காருக்கும் பொதுவானது. கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள், 2012இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததை நினைவில் கொள்ள வேண்டும். எனக்கு நிழலில் நிறுத்த இடமும், பின்னிருக்கைக்கு ஏசி துவாரமும் இருந்தன. அவை போதும் என்று பட்டது.

வண்ணத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஷோரூம் விளக்கொளியிலும் அது வேறாகவே தெரியும். நான் தேடிய பச்சை, திரையில் பாசி நிறமாகவும் விளக்கொளியில் ஏறக்குறையக் கறுப்பாகவும் தெரிந்தது. காட்பாடி ரயில் நிலையத்தில் நின்றிருந்த ஒரு காரில், மாலை வெயிலில் பார்த்தபோதுதான் அது மாவிலைப் பச்சை என்பது விளங்கியது. அந்தக் காரின் மேல் படிந்திருந்த புழுதியும் நன்றாகவே தெரிந்தது. அடர்ந்த வண்ணம் வாங்குபவர்கள் அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

கேட்ட வண்ணம் ஏன் கையிருப்பில் இருப்பதில்லை என்பதைப் பொறுமையாக விளக்கியவர் வேறொரு ஷோரூமின் மேலாளர். டீலர்கள் பெரும்பாலும் வங்கிக் கடனில் வண்டிகளை வாங்கி நிறுத்துகிறார்கள். விற்காமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஏறுகிறது. ஆகவே சீக்கிரம் போகும் வண்ணங்களையே அவர்கள் கேட்டு எடுக்கிறார்கள். வாடிக்கையாளர் முன்பணம் கட்டினால் மட்டுமே மற்ற வண்ணங்கள் ஆர்டரில் ஏறும். போதாக்குறைக்கு, சில வண்ணங்களையும் இரட்டை வண்ணக் கூரையையும் மேல் வேரியன்டுகளுக்கு மட்டுமே என்று நிறுவனங்கள் ஒதுக்கிவிடுகின்றன. நாம் கேட்கும் சேர்க்கையைத் தொழிற்சாலை தயாரிக்கிறதா என்பதையே முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கிருந்து பெங்களூரு செல்லும் வண்டிகள் நம் நெடுஞ்சாலை வழியேதான் போகின்றன. கண்ணெதிரே கார்கள் போய்க்கொண்டிருக்க, நமக்கு மட்டும் "அலாட்மென்ட் வரல மேடம்" என்று பதில் வருவது வேடிக்கைதான்.

ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, காஞ்சிபுரம், சென்னை ஆகிய ஊர்களின் ஷோரூம்களிலும் தொலைபேசியில் விசாரித்தேன். "பச்சை இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் "இருக்கிறது, வாருங்கள்" என்றுதான் சொல்வார்கள். வேரியன்டின் முழுப் பெயர், நிறுவனம் அந்த வண்ணத்துக்கு வைத்திருக்கும் பெயர், கியர் வகை, தயாரித்த மாதம் ஆகியவற்றைச் சொல்லி, ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக உள்ள சேசிஸ் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று கேட்கத் தொடங்கிய பின்புதான் உண்மையான பதில்கள் வந்தன. எண் இல்லாத வண்டி இல்லாத வண்டிதான். சித்தூர் நமக்கு மிக அருகில் இருந்தாலும் அது வேறு மாநிலம். வரியையும் பதிவையும் நினைத்து அந்தப் பக்கம் போகவில்லை. சென்னையில் வாங்கித் தற்காலிகப் பதிவோடு கொண்டுவரும் வழியும் இருந்தது. ஆயினும் சர்வீசுக்குப் போகப் போவது உள்ளூருக்குத்தான் என்பதால், வேலூரிலேயே ஆர்டர் போட முடிவு செய்தேன்.

முன்பதிவுப் படிவத்தில் "இரண்டாவது விருப்ப வண்ணம்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நான் கோடிட்டு அடித்துவிட்டேன். அதை நிரப்பினால், அந்த இரண்டாவது வண்ணமே முதலில் வந்து சேரும் என்பது என் ஊகம். படிவத்தில் வேரியன்ட், வண்ணம், அன்றைய விலை, ரத்து செய்தால் முன்பணம் முழுவதும் திரும்பும் என்ற உறுதி ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் வாங்கினேன். பணத்தை டீலரின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே அனுப்பினேன். பில் போடும் நாளின் விலைதான் செல்லும் என்பதையும் அப்போதே சொன்னார்கள். இது எல்லா நிறுவனத்திலும் பொதுவாக உள்ள நிபந்தனை.

மார்கழியில் வண்டி எடுக்க நம் பக்கம் பலர் தயங்குவார்கள். டிசம்பரோ, பழைய ஆண்டுக் கையிருப்பைத் தள்ளுபடியில் கழிக்கும் மாதம். இரண்டும் சேர்ந்த அந்த நாட்களில் விற்பனைப் பிரதிநிதியிடமிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. பச்சையே, நடு வேரியன்டே, கூடவே நல்ல தள்ளுபடி. சேசிஸ் எண்ணை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பதினேழு எழுத்துகளில் பத்தாவது எழுத்து பெரும்பாலும் ஆண்டைக் குறிக்கும். 2025க்கு எஸ் (S), 2026க்கு டி (T). அதில் எஸ் இருந்தது. மாதத்தைக் கேட்டபோது, அது ஆண்டின் தொடக்கத்திலேயே தயாராகி, யார்டில் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டி என்பது தெரிந்தது. நெடுங்காலம் வைத்து ஓட்டுபவர்களுக்கு அந்தத் தள்ளுபடி லாபமாகவே இருக்கக்கூடும். மறுவிற்பனையில் தயாரிப்பு ஆண்டைத்தான் பார்ப்பார்கள் என்பதால் நான் மறுத்துவிட்டேன். "தம்பி, தை பிறக்கட்டும், புது வண்டியே வரட்டும்" என்று அந்தப் பிரதிநிதியிடம் சொன்னேன். அவருக்கு அதில் வருத்தம்தான். மாத இலக்கு அவர் கவலை.

தை மாதத்தில் வண்டி வந்தது. மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன், பதிவுக்கும் முன், யார்டுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். பதிவு முடிந்த பிறகு குறை கண்டால் பேரம் பேசத்தான் முடியும், வண்டியை மறுக்க முடியாது. சேசிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், டயரில் வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கம் ஆகியவற்றைச் சரிபார்த்தோம். கதவுகளின் பச்சையும் பானெட்டின் பச்சையும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பல கோணங்களில் பார்த்தோம். நடு வேரியன்டுக்கு உரிய ஒவ்வொரு வசதியையும் கையேட்டோடு ஒப்பிட்டு இயக்கிப் பார்த்தோம்.

காப்பீட்டை டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். அதையும் சொந்தச் சேதத்துக்கான ஓராண்டுக் காப்பீட்டையும் வெளியே விலை விசாரித்து வந்து காட்டியதும், டீலரின் தொகையும் இறங்கியது. "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று பில்லில் சேர்த்திருந்த தொகையை நீக்கச் சொன்னதும் மறுபேச்சின்றி நீக்கினார்கள்.

கடைசியாக ஒன்றைக் கவனித்தது நல்லதாயிற்று. டீலர் தரும் படிவம் 21 என்ற விற்பனைச் சான்றில், தயாரித்த மாதம், ஆண்டு ஆகியவற்றோடு வண்டியின் வண்ணத்தையும் எழுத வேண்டும். அதுவே பதிவுச் சான்றுக்கும் போகும். என் சான்றின் வரைவில், பழக்க தோஷத்தாலோ என்னவோ, வண்ணம் என்ற இடத்தில் வெள்ளை என்று தட்டச்சு செய்திருந்தார்கள். அதைத் திருத்தி அச்சிட்டுத் தந்த பிறகுதான், டி.என். 23 வரிசையில் பதிவு செய்ய வேலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கோப்பு போனது.